ஒரு தாளுக்கு மூன்று அலைச்சல்

எனக்குப் பைபோலார், அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய். போன முறை அட்மிட் ஆனபோது நடந்ததில் பாதி ஞாபகமில்லை. பெரியப்பா மந்திரிக்க ஆள் கூட்டி வந்தது மட்டும் மறக்கவில்லை. அதனால்தான் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, எனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், என் சார்பில் யார் பேசலாம் என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிப் பதிவு செய்ய நினைத்தேன்.

எழுதியது ஒரு மாலை வேலை. சாட்சிக் கையெழுத்து இரண்டும் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தன.

அப்புறம்தான் அலைச்சல். முதல் நாள், பதிவு செய்யும் அலுவலகத்தில் இருந்த அலுவலர், "நீங்க நார்மல்னு டாக்டர் சர்டிபிகேட் எங்கம்மா?" என்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். வாயடைத்துத் திரும்பிவிட்டேன். இரண்டாம் முறை நோட்டரி முத்திரை கேட்டார். மூன்றாம் முறை சட்டத்தின் 5-ஆம் பிரிவை அச்செடுத்து, முன்பு நோய் இருந்தாலும் எழுதலாம் என்ற வரிக்கு மஞ்சள் பூசி மேசையில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். பேசாமல் வாங்கிக்கொண்டார். நகலில் சீல் வாங்காமல் நான் நகரவில்லை. நீங்களும் நகராதீர்கள்.

வீட்டில்தான் உண்மையான சிக்கல். "மாத்திரை வேண்டாம்னு நீ கத்துறப்போ, எழுதின உன்னைக் கேக்கறதா, கத்துற உன்னைக் கேக்கறதா?" என்றார் என் கணவர். முடிவெடுக்கும் திறன் எனக்கு இல்லாதபோது எழுதியதுதான் செல்லும் என்று சட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டது சட்டமில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். கத்துகிறவளும் நான்தானே. அவளை நான் பார்த்ததுகூட இல்லை, மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

முதல் பிரதியில் 'கரண்ட் வைக்கவே கூடாது', அதாவது மின்னதிர்ச்சி சிகிச்சையே வேண்டாம் என்று எழுதியிருந்தேன். சாப்பாடு, தண்ணீரையே நிறுத்திவிடும் அளவு மனச்சோர்வு வந்தால் அதுதான் உயிரைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். இரண்டு நாள் யோசித்து, 'வேறு வழி இல்லையென்றால், அக்காவிடம் கேட்டுவிட்டு' என்று மாற்றினேன். திறன் இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் அவசர சிகிச்சைக்கு இந்தத் தாள் பொருந்தாது. எழுதியதை ஏற்க முடியாது என்று வீட்டாரோ டாக்டரோ இதை விசாரிக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் போகலாம்.

நகல் கைக்கு வராத டாக்டர், எழுதியபடி செய்யாவிட்டால் அவர் மேல் பொறுப்பில்லை. அதனால் டாக்டருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று கொடுத்தாயிற்று. பிரதிநிதியாக அக்கா பெயரை எழுதியதில் அம்மாவுக்கு வருத்தம். மந்திரிக்க வந்தவருக்குக் காபி போட்டுக் கொடுத்ததே அம்மாதான் என்று இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை.