சோணை மட்டும் சிவக்காத காது

எனக்கு வந்தது ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைட்டிஸ், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே குருத்தெலும்பைத் தாக்கும் அரிய நோய். அந்தப் பெயர் தெரிவதற்கு முன், ஒவ்வொரு முறை காது வீங்கியபோதும் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இந்த வீக்கம் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகவே வடிந்துவிடும். அந்தப் பெருமை மாத்திரைக்குப் போய்விடும். அதனாலேயே அந்த முடிவை யாரும் மறுபடி யோசிக்கவில்லை.

தலையணையில் படாதபடி தூங்க வேண்டிய அளவுக்குக் காதுமடல் கன்றிச் சிவந்திருந்தது. ஆனால் அந்தச் சிவப்பு, கோடு கிழித்தாற்போலச் சோணைக்கு, அதாவது காதின் கீழ்நுனியில் இருக்கும் மென்மையான சதைக்கு, மேலேயே நின்றுவிட்டது. சோணையில் குருத்தெலும்பு கிடையாது. தோலில் பரவும் தொற்றாக இருந்தால் அது சோணையை விட்டுவைக்க வேண்டிய அவசியமில்லை. இடையில் கண் சிவந்ததற்குக் கண் மருத்துவர் சொட்டு மருந்து தந்தார், மூட்டு வலிக்கு வேறொருவர் வலி மாத்திரை தந்தார். மூன்றையும் சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

ஒருவழியாக, மூட்டு நோய்களையும் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்களையும் பார்க்கும் ருமட்டாலஜி பிரிவுக்குச் சென்றபோது, பதிவு செய்பவர் பரிந்துரைக் கடிதத்தில் இருந்த "காதுத் தொற்று" என்ற வரியைக் காட்டி, "காதுக்கெல்லாம் இங்கே பார்ப்பதில்லை, ஈ.என்.டி.க்குப் போங்கள்" என்று தாளைத் திருப்பித் தள்ளினார். உள்ளே இருந்த மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. பிறகு எங்கள் பொது மருத்துவரிடம், நோயின் பெயரை முடிவாக எழுதாமல், திரும்பத் திரும்ப வரும் இரு காதுமடல்களின் அழற்சி, கண் சிவப்பு, மூட்டு வலி என்று அறிகுறிகளை மட்டும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கினேன். அதே ஆள், அதே மேசை, மறுபேச்சில்லாமல் பதிவு ஆயிற்று.

மருத்துவரைப் பார்க்கும் நாளில், எதிர்பார்த்தபடியே, காது பளிங்காக இருந்தது. கைப்பேசியில் தேதியோடு எடுத்து வைத்திருந்த படங்கள்தான் காப்பாற்றின. இந்நோயை உறுதிசெய்யத் தனி இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் அழற்சி இருப்பதைக் காட்டலாம், எந்த நோய் என்று சொல்லாது. எனவே 1976-இல் வகுக்கப்பட்ட ஆறு அறிகுறிகள் கொண்ட பட்டியலை வைத்துப் பார்த்தார். அதில் மூன்று பொருந்தினால் போதும்; இரு காதுகள், கண், மூட்டு என மூன்று எனக்குப் பொருந்தின. ஐம்பதைக் கடந்த ஆண் என்பதால், 2020-இல் விவரிக்கப்பட்ட, யூ.பி.ஏ.1 என்ற மரபணுவின் மாற்றத்தால் வரும் வெக்ஸாஸ் நோய் இதே வேடத்தில் வரக்கூடும் என்று அந்த மரபணுவையும் சோதித்தார். நல்லவேளை, அது இல்லை. ஸ்டீராய்டு தொடங்கியதும் வலி அடங்கியது.

மூச்சுக்குழாயிலும் குருத்தெலும்பு இருப்பதால் இந்நோய் அதையும் தாக்கலாம். அதைப் பார்க்க மார்பு சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது, மூச்சை வெளியே விடும் நிலையிலும் படம் எடுக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்த நிலையில் மட்டும் எடுத்தால், மூச்சுக்குழாய் தளர்ந்து சுருங்குவது தெரியாமல் போகலாம். வேறு எதற்காக அறுவைச் சிகிச்சை நடந்தாலும் மயக்க மருந்து தருபவரிடம் இந்நோயை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குரல் கம்மினாலோ மூச்சு இரைந்தாலோ, கையில் இருக்கும் முன்பதிவுத் தேதிக்காகக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே கடிதம் கேட்டு யாரும் திருப்பி அனுப்புவதில்லை.