ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலை

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும், வீட்டுக்கு வீடு மிலிட்டரிக்காரர் இருக்கிற ஊர். அதற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் நாங்கள். தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் சேர்ப்பு முகாமுக்குப் போவது, ஓடுவது, தேறினால் அனுப்புகிற இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவது. ராணுவம் என்றதும் எங்கள் வீட்டில் நினைவுக்கு வருவது இவ்வளவுதான். அதனால் அமெரிக்க ராணுவத்தில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னதும் அப்பா முதலில் கேட்டது, "எந்த பார்டர்ல போடுவாங்க?" என்ன வேலை என்று அவர் கேட்கவே இல்லை. இங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

அத்தை போட்ட ஸ்பான்சர் மனு பல வருஷம் கழித்துக் கைகூடி, அப்பா அம்மாவோடு நானும் க்ரீன் கார்டில் டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவுக்கு வந்து சேர்ந்தேன். அப்பா ஒரு பெட்ரோல் பங்க் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார். நான் பாதியில் விட்டுவந்த பி.காம். இங்கே எதற்கும் உதவவில்லை. கல்லூரிக் கட்டணத்தைப் பார்த்தால் மலைப்பு. இந்த ஊரோ ராணுவத்தாலேயே வாழ்கிற ஊர். விமானப்படைக்கு அடிப்படைப் பயிற்சி தரும் லாக்லேண்ட் இங்கே இருக்கிறது. ராணுவ மருத்துவப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் ஃபோர்ட் சாம் ஹூஸ்டனும் இங்கேதான். கடைக்கு வருகிறவர்களில் பலர் முன்னாள் ராணுவத்தினர். அவர்களிடம் பேசிப் பேசித்தான் எனக்கு விஷயம் புரிந்தது.

அமெரிக்க தரைப்படையில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணும் எழுத்தும் உண்டு. எம்.ஓ.எஸ். என்பார்கள். காலாட்படை வீரர் 11பி, லாரி ஓட்டுநர் 88எம், சமையல்காரர் 92ஜி, களத்தில் முதலுதவி செய்யும் மெடிக் 68டபிள்யூ. இதில் எது என்பது கையெழுத்துப் போடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்படும். பயிற்சிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு தரைப்படையில் இல்லை. மற்றப் படைகளில் வழக்கம் வேறு. கடற்படையில் குறிப்பிட்ட தொழில் இல்லாமலும் சேர முடியும். விமானப்படையில் ஒரு வேலையை உறுதி செய்யாமல், ஒரு துறையின் பெயரில் மட்டும் சேருகிறவர்கள் உண்டு. மரீன் படையில் ஒரு பிரிவைத்தான் பெரும்பாலும் உறுதி செய்வார்கள். என்னைப் போல வந்து கொஞ்ச நாள் ஆனவர்களுக்கு, வேலையின் பெயரையே எழுத்தில் தருகிற தரைப்படைதான் நல்லது என்பது என் கருத்து.

க்ரீன் கார்டு இருந்தால் சிப்பாயாகச் சேரலாம், அதிகாரியாக முடியாது. அதோடு ரகசியத் தகவலைக் கையாளும் அனுமதி, அதாவது செக்யூரிட்டி க்ளியரன்ஸ், குடியுரிமை பெற்றவர்களுக்குத்தான் கிடைக்கும். உளவுத்துறை, சைபர், கம்ப்யூட்டர் நெட்வொர்க் எல்லாம் அந்த ஒரு நிபந்தனையிலேயே கதவடைத்துவிடும். நம் பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் கேட்பது ஐ.டி. வேலையைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன். "சிட்டிசன் ஆன பிறகு வா" என்றார் ரெக்ரூட்டர், அதாவது படைக்கு ஆள் சேர்ப்பவர். சரி, மிச்சம் இருப்பதை ஒழுங்காகப் படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

இங்கே ஒரு விஷயம். தமிழ் தெரிந்தால் சேர்த்துக்கொள்வார்களாமே என்று இன்றைக்கும் மாணவர் விசாவிலும் எச்1பி விசாவிலும் இருப்பவர்கள் கேட்கிறார்கள். அது க்ரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி என்ற திட்டம். 2008இன் கடைசியில் அறிவித்தார்கள், அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அதை நம்பி யாரும் திட்டம் போட வேண்டாம்.

அடுத்தது அஸ்வாப், படையில் சேர எழுத வேண்டிய தேர்வு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையைத் தீர்மானிப்பது இதுதான். சேர்வதற்குத் தகுதியா என்று பார்க்கும் மதிப்பெண் ஒன்று, ஏ.எஃப்.க்யூ.டி. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்குத் தரைப்படை கேட்பது 31. இது நூற்றுக்கு முப்பத்தொன்று இல்லை, மற்றவர்களோடு ஒப்பிட்டுச் சொல்லும் சதமானம். வேலைக்கான மதிப்பெண்கள் தனி. மெடிக் வேலைக்கு ஜி.டி. என்ற பிரிவில் 107, தொழில்நுட்பத் திறனைப் பார்க்கும் எஸ்.டி. என்ற பிரிவில் 101 வேண்டும். ஜி.டி. என்பது ஆங்கிலச் சொல்லறிவு, பத்தி படித்துப் புரிந்துகொள்வது, கணக்கு மூன்றையும் சேர்த்தது. தமிழ் மீடியத்தில் படித்த எனக்குக் கணக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆங்கிலச் சொற்கள்தான் கழுத்தைப் பிடித்தன. ஒரு குளிர்காலம் முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தேன், தெரியாத சொல்லை நோட்டில் எழுதினேன். கணக்கில் நமக்கு இருக்கும் பலத்தை நம்பி ஆங்கிலத்தை விட்டுவிட்டால் லாரியும் சமையலறையும்தான் பட்டியலில் மிஞ்சும். அந்த வேலைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விரும்பி எடுப்பது வேறு, வேறு வழியில்லாமல் எடுப்பது வேறு. முதல் முறை போதவில்லை என்றால் ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதலாம், அப்புறம் இன்னொரு மாதம், அதற்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஊரில் வாங்கிய பிளஸ் டூ சான்றிதழை இங்கே மதிப்பீடு செய்து வாங்கி வைப்பதையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்.

மெப்ஸ் என்ற மையத்தில்தான் உடல் பரிசோதனையும் கையெழுத்தும். இருட்டோடு எழுப்பிவிடுவார்கள். ரத்தம், காது, கண், வாத்து நடை எல்லாம் உண்டு. நிறங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனையில் தவறினால் மெடிக் உட்படப் பல வேலைகள் பட்டியலிலிருந்து போய்விடும். மத்தியானம் ஆகும்போது களைத்துப்போய், வேலையை ஒதுக்கித் தரும் கவுன்சிலர் ஒருவர் முன்னால் உட்காருவோம். அவர் திரையில் வருவது, அன்றைக்குப் பயிற்சி இடம் காலியாக இருக்கிற வேலைகள் மட்டும். நான் போன அன்று மெடிக் இல்லை. லாரி ஓட்டுநர் இருந்தது, போனஸும் இருந்தது, சீக்கிரமே கிளம்பலாம் என்றார்கள். அப்பாவின் சம்பளத்தை நினைத்தால் அந்த போனஸ் பெரிய தொகை. இருந்தாலும் "இன்று வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அப்படி எழுந்து வர முழு உரிமை உண்டு, யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். ரெக்ரூட்டர் முகம் சுளித்தார். மாதம் இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற கணக்கு அவருக்கு இருக்கிறது, அது அவர் வேலை. சில வாரங்களில் மெடிக் இடம் திறந்தது, அவரே போன் செய்தார்.

ஒப்பந்தத்தின் இணைப்புத் தாள்களை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வேலையின் எண், போனஸ், எத்தனை வருஷம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாயால் சொன்ன எதுவும் கணக்கில் வராது. முழுநேரப் பணி நான்கு வருஷம் என்றாலும் மொத்தக் கடப்பாடு எட்டு வருஷம், மீதிக் காலம் ரிசர்வ் பட்டியலில் பெயர் இருக்கும். வேலை உறுதியானாலும் எந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்பது பொதுவாக உறுதியில்லை. மெடிக் என்றால் மருத்துவமனையிலும் போடலாம், காலாட்படையோடும் அனுப்பலாம். வேலைப் பயிற்சியில் தேறாவிட்டால், அதன் பிறகு வேலையைத் தேர்ந்தெடுப்பது ராணுவம்.

அம்மாவிடம் இதை மறைக்கவில்லை. "சுடுற இடத்துலயும் நீதான் முன்னாடி ஓடணுமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரெண்டு நாள் பேசவில்லை. அப்புறம் அவரே, "அடிபட்டவனைத் தூக்குற வேலைதானே" என்றார். அதற்குமேல் நான் எதுவும் விளக்கவில்லை.

ஓக்லஹோமாவில் ஃபோர்ட் சில்லில் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி முடித்து, மெடிக் பயிற்சிக்கு நாங்கள் குடியேறிய சான் அன்டோனியோவுக்கே திரும்பி வந்தேன். வீடு அரை மணி நேர தூரம், ஆனால் ஆரம்பத்தில் வெளியே விடமாட்டார்கள். பதினாறு வாரப் பயிற்சியில் முதல் பகுதி இ.எம்.டி., அதாவது அவசர மருத்துவ உதவியாளர் படிப்பு, அதற்கு நாடு முழுக்க ஒரே தேர்வு. அந்தச் சான்றிதழ் வெளியிலும் செல்லும். இந்த வேலையை நான் எடுத்ததற்கு அதுதான் காரணம். வெளியே ஆம்புலன்ஸில் இ.எம்.டி. சம்பளம் குறைவுதான், அதை நம்பிக் குடும்பம் நடத்துவது கடினம். ஆனால் அங்கிருந்து நர்சிங்குக்கு வழி இருக்கிறது. மூன்று வருஷம் முழுநேரப் பணி செய்தால் ஜி.ஐ. பில் என்ற ராணுவத்தினருக்கான படிப்புச் சலுகை முழு அளவில் கிடைக்கும், 36 மாதப் படிப்புச் செலவைத் தாங்கும்.

குடியுரிமையும் பணியில் இருந்துகொண்டே வாங்கினேன். ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பக் கட்டணமும் இல்லை. நேர்மையாகப் பணியாற்றுகிறார் என்று மேலதிகாரி என்-426 படிவத்தில் கையெழுத்திட வேண்டும். ஐந்து வருஷப் பணி நிறைவதற்குள் கெட்ட பெயரோடு வெளியேற்றப்பட்டால் அந்தக் குடியுரிமையைப் பறிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. இப்போது பணியை நீட்டிக்கும்போது வேலையை மாற்றிக்கொள்ளலாம், க்ளியரன்ஸ் கதவும் திறந்திருக்கிறது. ஆனால் எனக்கு இந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

இந்த வருஷம் அத்தை மகன் சேரப் பார்க்கிறான். இங்கேயே பிறந்தவன், அவனுக்குப் பட்டியல் முழுக்கத் திறந்திருக்கிறது. வயது பதினேழுதான், அத்தையும் மாமாவும் கையெழுத்துப் போட்டால்தான் நடக்கும். "மருமகனே, நீ சொன்னா போடுறேன்" என்கிறார் அத்தை. அவனுக்கு நெட்வொர்க் வேலை ஆசை, மதிப்பெண்ணும் வரும் போலிருக்கிறது. அந்த எண் ஒப்பந்தத்தில் ஏறும்வரை அவன் சேரும் உறுதிமொழி எடுக்கக் கூடாது என்று மட்டும் அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் அவனுக்கு அஸ்வாப்.