அப்பா வேட்டியில் அம்மா புடவைச் சாயம்

நேற்று ராத்திரி பதினொன்றரை மணிக்கு அப்பாவைத் தாலி கட்ட விடாமல் நிறுத்திவைத்துவிட்டேன். தாலியோடு அவர் மானிட்டரில் குனிந்து நிற்க, சோபாவிலிருந்த அசல் அப்பா, "சீக்கிரம் கட்டவிடுடா, தூங்கணும்" என்றார்.

அப்பா அம்மாவின் 1991 கல்யாண கேசட். அதன் படத்தைத்தான் கம்ப்யூட்டரில் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து டிவிடியாக வாங்கியதுதான். மூன்று மணி நேரத்தை ஒரே 4.7 ஜிபி தட்டில் அமுக்கிக் கொடுத்திருந்தார்கள். தாம்பூலத் தட்டு, வாழைமரம், சும்மா உட்கார்ந்திருக்கும் மாமாக்கள் எல்லாம் பளிச். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுந்ததும் போச்சு. முந்தைய ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பதைத்தான் பெரும்பாலும் சுருக்கி எழுதுகிறது அந்த டிவிடி. மண்டபமே எழுந்து நின்று அரிசி வீசினால் எல்லாமே மாறுகிறது, பிட்ரேட் (ஒரு நொடிப் படத்துக்குக் கிடைக்கும் டேட்டா) பத்தவில்லை, படம் எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாக உடைகிறது. தாலி கட்டியது அப்பாவா, பக்கத்தில் நின்ற பெரியப்பாவா என்று இத்தனை வருடமாக வீட்டில் ஒரு கேலி ஓடுகிறது.

டிவிடியிலேயே கட்டத்தை அழிக்கப் பார்த்தேன். கட்டத்தோடு அப்பாவின் மூக்கும் போனது. சரி என்று சித்தப்பா வீட்டுப் பரணிலிருந்து விசிஆரை இறக்கி, கேசட்டை மறுபடி ஓட்டி, படத்தில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஹஃப்ஒய்யூவி முறையில் பிடித்தேன். மணிக்கு 30 ஜிபிக்கு மேல் விழுங்கியது. இடத்துக்காக அக்கா பையனின் இரண்டு கேமை அழித்தேன். அவன் இன்னும் என்னோடு பேசவில்லை.

கட்டம் போயிற்று, சாயம் வந்தது. இந்த மாதிரி விஎச்எஸ் கேசட் டேப்பில் நுணுக்கம் பதிய வெளிச்சத்துக்குச் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் இடம்; நிறத்துக்கோ அரை மெகாஹெர்ட்ஸ் தேறினால் பெரிது. அதனால் நிறம் எப்போதும் வலப்பக்கம் வழியும். சிவப்பு ரொம்ப மோசம். அம்மாவின் புடவை அப்பாவின் வேட்டியில் ஒரு விரற்கடை அளவுக்குச் சாயம் போயிருந்தது. நிறத்தை மட்டும் நாலு புள்ளி இடப்பக்கம், இரண்டு புள்ளி மேலே நகர்த்தினேன். வேட்டி வெளுத்துவிட்டது. சலவைக்காரர் தோற்றார்.

அப்புறம்தான் பஞ்சாயத்து. புடவை என்ன நிறம்? அப்பா "சிவப்பு" என்றார். ஃபோனில் அத்தை, "மயில்கழுத்துடா, நல்லா ஞாபகமிருக்கு" என்றாள். அவளுக்கு ஞாபகமிருந்தது அவள் கல்யாணப் புடவை. அம்மா ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றிவைத்திருந்ததை எடுத்து வந்து மானிட்டர் பக்கத்தில் விரித்தாள். அரக்கு.

வேட்டியை வெள்ளையாக்கினால் புடவை ரோஸ் ஆனது. புடவையை அரக்காக்கினால் அப்பாவுக்கு மஞ்சள்காமாலை. எல்லாம் அந்த வீடியோ லைட்டு செய்த வேலை.

"அவர் மஞ்சளாவே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "புடவை அப்பவே நாலாயிரம்."

கடைசியாக, புள்ளி புள்ளியாகக் கொதிக்கும் இரைச்சலைக் குறைக்கும் ஃபில்டரை ஏற்றினேன். படம் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி வழவழவென்று ஆனது. எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா மட்டும் திரைக்குக் கிட்டே போய், தனக்குப் பின்னால் நின்ற தாத்தாவைப் பார்த்தாள்.

"எங்கப்பா மூஞ்சில அம்மைத் தழும்பு எங்கடா?"

ஃபில்டருக்கு அதுவும் இரைச்சல்தான். பாதியாகக் குறைத்தேன். "இன்னும்" என்றாள். குறைத்தேன். "இன்னும்." கடைசியில் மொத்தமாக எடுத்துவிட்டேன். திரை முழுக்கப் பொரிபொரியாக வந்தது, கன்னத்தில் குழி குழியாகத் தாத்தாவும் வந்தார்.

"ம்... இவர்தான்" என்று புடவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மணி ஒன்று. அப்பா சோபாவிலேயே குறட்டை. தாலி இன்னும் கட்டவில்லை.