டார்ச்சுக்குள் கொஞ்சம் சிவப்பு

போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி. தாம்பரம் பக்கம் எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. பூஜை அலமாரியில் தீப்பெட்டி தேடிய அம்மா, கை தவறிக் குங்குமச் சிமிழைத் தட்டிவிட்டார். நான் ஓடிப்போய் டார்ச் அடித்தேன். தரையைக் குனிந்து பார்த்தவர், "இது என்னடா, குங்குமமா மூக்குப்பொடியா?" என்றார்.

பார்த்தால் மூக்குப்பொடியேதான். இத்தனைக்கும் வெளிச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. கான்வாய் எஸ்2+ என்ற சின்ன டார்ச், 18650 என்ற ரக லித்தியம் பேட்டரி ஒன்று, உள்ளே க்ரீ எக்ஸ்எம்-எல்2 எல்இடி, நிறம் 6500 கெல்வின் வாக்கில், அதாவது நீலம் தட்டும் வெள்ளை; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அடிக்கும். ஆனால் அந்த வெளிச்சத்தில் ரசம் சாம்பல் பூத்திருக்கும், மனுஷன் கை காய்ச்சல்காரன் கை மாதிரி இருக்கும். நாலு வருஷமாக அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அம்மா ஒரு வார்த்தை சொன்னதும் அது மட்டும்தான் கண்ணில் பட ஆரம்பித்தது.

முதலில் சோம்பேறி வழி. இனிப்புப் பெட்டியில் வந்த மஞ்சள் கண்ணாடித்தாளை வட்டமாக வெட்டி முன்கண்ணாடியில் ஒட்டினேன். வெளிச்சம் மஞ்சளாகிவிட்டது, குங்குமம் மூக்குப்பொடியாகவே இருந்தது. இப்போது மஞ்சள் அடித்த மூக்குப்பொடி.

காரணம் எளிது. இந்த மாதிரி வெள்ளை எல்இடிக்குள் இருப்பது 450 நானோமீட்டர் அருகே நீல ஒளி விடும் சில்லு. மேலே பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பகுதியை விழுங்கி மஞ்சளாகக் கக்கும். மிச்ச நீலமும் இந்த மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் கொஞ்சம். தாள் வடிகட்டத்தான் செய்யும், இல்லாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்? டிகாஷனை எத்தனை முறை வடிகட்டினாலும் அதில் பால் சேராது. சிவப்பு பாஸ்பரும் கலந்த வேறு எல்இடிதான் வழி.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். "வார்ம் ஒயிட்டா, கூல் ஒயிட்டா?" என்று கேட்டார் கடைக்காரர். நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண்ணான சிஆர்ஐ எவ்வளவு என்று கேட்டதற்கு அட்டைப்பெட்டியைத் திருப்பிக் காட்டினார். 80 என்று இருந்தது. இந்த 80-ஐ நம்பக் கூடாது என்பது அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. சிஆர்ஐ என்பது வெளிறிய எட்டு நிறங்களை வைத்துப் போடும் சராசரி. ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் இல்லவே இல்லை. அதை ஆர்9 என்று தனியாகக் கணக்கு வைப்பார்கள். 80 எடுத்த எல்இடியின் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டிக்கூட இருக்கலாம். எட்டுப் பாடத்தில் பாஸ், ஒன்பதாவது பரீட்சை எழுதவே இல்லை என்கிற கதை. எனக்கு வேண்டியதோ அந்த ஒன்பதாவது.

கடைசியில் நிச்சியா 519ஏ, 4500 கெல்வின், சிஆர்ஐ 90-க்கு மேல், ஆர்9-ம் உயர்ந்த ரகம் என்று முடிவு செய்து, வெளிநாட்டிலிருந்து இரண்டு தருவித்தேன். நிச்சியா ஜப்பானின் தோகுஷிமாக்காரர்கள். பிரகாசமான நீல எல்இடிக்காக 2014-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவரான ஷூஜி நாகமுரா அதைச் செய்தது இந்தக் கம்பெனியில் வேலை பார்த்தபோதுதான். 2700 வாங்கியிருக்கலாமே என்று தம்பி கேட்டான். அது குண்டு பல்பு நிறம். வீட்டுக்குள் சுகமாக இருக்கும், மழைத்தண்ணீர் நிற்கும் தெருவில் எல்லாம் ஒரே பழுப்பாகப் போய்விடும் என்று எனக்கு ஒரு பயம்.

கூடவே எல்இடியை உட்கார வைக்க 16 மில்லிமீட்டர் செம்புப் பலகை ஒன்று. எல்இடியின் அடியில் இருக்கும் நடுப்பட்டை நேராகச் செம்பில் ஒட்டும் வகை. சாதாரண அலுமினியப் பலகையில் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கும், சூடு அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பிரிக்கிற வேலை. தலைப்பகுதியைக் கழற்றினால் பின்பக்கம் ஒரு பித்தளைக் குப்பி தெரியும். அதில் எதிரெதிரே இரண்டு வெட்டுகள். கூர்மூக்குக் குறடை அவற்றில் கொடுத்துத் திருகினால் குப்பி வெளியே வந்துவிடும். ஒரு பக்கம் மின்சாரத்தை அளவாக விடும் டிரைவர், மறுபக்கம் எல்இடிப் பலகை, நடுவில் இரண்டு ஒயர். ஒயரை விடுவிக்கத்தான் திணறிப்போனேன். என் 25 வாட் சால்டரிங் அயர்ன் வைத்தவுடன் ஈயம் உருகுவதற்குப் பதில் அயர்ன் நுனி குளிர்ந்தது. பலகையும் பித்தளையுமாகச் சேர்ந்து அவ்வளவு சூட்டையும் உறிஞ்சிவிடுகின்றன. கால் மணி நேரம் போராடிய பிறகுதான் புத்தி வந்தது. காய்ந்துபோன ஹீட்சிங்க் பேஸ்ட்டிலிருந்து பலகையை நெம்பித் தூக்கி, அடியில் ஒரு ஐஸ்குச்சியைக் கொடுத்தேன். பித்தளையிலிருந்து பிரிந்ததும் அதே அயர்னில் இரண்டே நொடி.

புது எல்இடியைப் பலகையில் ஒட்ட இஸ்திரிப் பெட்டி. பழையது, நீராவித் துளை இல்லாதது. இரண்டு செங்கலுக்கு நடுவே கவிழ்த்து வைத்து, திருகியைப் பருத்தி வரைக்கும் திருப்பினேன். தோசைக்கல்லிலும் செய்யலாம்தான், ஈயப் பேஸ்ட் பட்ட கல்லில் அப்புறம் தோசை வார்க்க முடியாது. நான் வாங்கிய 63/37 (வெள்ளீயம்/ஈயம்) பேஸ்ட் 183 டிகிரியில் உருகும். மூன்று பட்டையிலும் குண்டூசி முனையால் தொட்டு வைத்து, எல்இடியை வைத்தேன். ஜன்னலைத் திறந்து ஃபேனையும் போட்டுவிட்டேன்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. சாம்பல் நிறப் பேஸ்ட் இளகியது, கொஞ்சம் புகை. திடீரென்று பாதரசம் மாதிரி பளபளவென்று மின்னியது. அதே கணத்தில், கோணலாக உட்கார்ந்திருந்த எல்இடி தானாகவே நகர்ந்து நேராக நின்றது. உருகிய ஈயத்தின் பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. ஆனால் நான் பேஸ்ட் அதிகம் வைத்துவிட்டேன், ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. இடுக்கியால் எல்இடியின் தலையை மெல்ல ஒரு தட்டு. பக்கவாட்டில் இரண்டு ஈயமணி பிதுங்கி வந்தது, எல்இடி தாழ்ந்து உட்கார்ந்தது. ஆறியதும் மல்ட்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டேன். மின்மினி அளவுக்கு ஓர் ஒளி. இதைப் பார்க்கவே இன்னொரு முறை செய்யலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் மூட்டி சுவிட்சைப் போட்டால் இருட்டு. பத்து நொடியில் டார்ச்சின் தலை சுடத் தொடங்கியது. உடனே அணைத்தேன்.

தப்பு என்னுடையதுதான். எல்இடியை நடுவில் பிடித்து நிறுத்தும் வெள்ளை பிளாஸ்டிக் வளையத்தைப் பழையதையே போட்டிருந்தேன். எக்ஸ்எம்-எல்2 ஐந்து மில்லிமீட்டர் சதுரம், 519ஏ மூன்றரைதான். வளையம் தொளதொளவென்று ஒதுங்கிவிட, அலுமினிய ரிஃப்ளெக்டரின் அடி, ஒயர்களை ஒட்ட நான் வைத்த இரண்டு ஈயக் குமிழ்களையும் ஒருசேரத் தொட்டுக்கொண்டு இருந்தது. மின்சாரம் எல்இடியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. என் டிரைவரில் தலா 350 மில்லிஆம்பியர் விடும் 7135 சில்லுகள் நான்கு. ஆக 1.4 ஆம்பியர் வழக்கம் போல ஓடுகிறது, ஆனால் பேட்டரியின் நாலு வோல்ட்டும் அந்தச் சில்லுகளின் தலையில். ஐந்தரை வாட்டுக்கு மேல் சூடு. பிழைத்தது அதிர்ஷ்டம்.

குமிழ்களை அரத்தால் தேய்த்துத் தட்டையாக்கி, மேலே சூடு தாங்கும் கேப்டன் (Kapton) மின்காப்பு டேப் ஒட்டி, 3535 அளவு, அதாவது மூன்றரை மில்லிமீட்டர் எல்இடிக்கான வளையத்துக்காக இரண்டு வாரம் காத்திருந்தேன். அந்த இடைவெளியில் ரிஃப்ளெக்டரில் இருந்த ஒரு தூசியைப் பனியன் துணியால் துடைத்ததில் மெல்லிய கீறல் விழுந்துவிட்டது. தூசி அப்படியே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, கீறலை நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டாம் முறை எரிந்தது.

வெளிச்சம் குறைந்திருக்கிறது, அதில் சந்தேகம் இல்லை. நீலத்தைச் சிவப்பாக்கும்போது ஆற்றலில் ஒரு பங்கு சூடாகக் கழிந்துவிடும்; போதாததற்கு, ஆழ்ந்த சிவப்பை நம் கண் மங்கலாகத்தான் பார்க்கும். கூரையில் அடித்து மேசையில் போனின் ஒளி உணரியை வைத்து அளந்ததில், பழையது 60 காட்டிய இடத்தில் இது 49. போன் அளவை நம்பித் துல்லியமாகச் சொல்ல முடியாது, ஒப்பிட்டுப் பார்க்கப் போதும். தண்ணீர்த் தொட்டி இப்போதும் தெரிகிறது, கொஞ்சம் மங்கலாக. ஆனால் தொட்டி மேல் படர்ந்த பாசி பச்சையாக இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

சிமிழைத் திறந்து அம்மா முன்னால் வைத்து, லைட்டை அணைத்துவிட்டு டார்ச் அடித்தேன். சிவப்பு. பக்கத்திலிருந்த மஞ்சள்தூள் மஞ்சளாகவே இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்காடா இஸ்திரிப் பெட்டியைப் பாழ் பண்ணினே?" என்றார். பிறகு டார்ச்சைக் கையில் வாங்கிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய், அங்கிருந்தே கத்தினார்: "இந்த டியூப்லைட்டையும் இப்படி மாத்த முடியுமா பாரு."

இன்னொரு 519ஏ மிச்சம் இருக்கிறது. அதை அப்பாவின் ஒற்றை பென்சில் பேட்டரி டார்ச்சில் போடலாம் என்று பார்க்கிறேன். அதில் பலகை 16 மில்லிமீட்டரைவிடச் சின்னது, இன்னொரு செம்புப் பலகை வாங்கி ஓரத்தை அரத்தால் தேய்க்க வேண்டிவரும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.