ஏஇசட்-305: முதல் தடவை கவிழ்த்த ஸ்டோரேஜ் ரெடண்டன்ஸி, இரண்டாம் தடவை கைகொடுத்த வினைச்சொல்

மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடுக்கான ஏஇசட்-305 சான்றிதழ் தேர்வை நேற்று மாலை எழுதி முடித்தேன். 824. எழுநூறு எடுத்தால் போதும்தான், ஆனாலும் திரையில் தேர்ச்சி என்று வந்தபிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை, ஏனென்றால் ஐந்து வாரத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு திரையில் 664 பார்த்தவன் நான். அந்தத் தடவை மதிப்பெண்ணோடு வந்த பட்டைப் படத்தில் பிசினஸ் கன்டினியூட்டி (கோளாறு வந்தாலும் சேவையும் தரவும் நிலைக்க வழி செய்வது) பகுதிதான் எல்லாவற்றையும் விடக் குட்டையாக இருந்தது. நெட்வொர்க்கிங்குக்கும் ஐடென்டிட்டிக்கும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். ஸ்டோரேஜ் தினமும் புழங்குவதுதானே என்று ஒரே ஒரு மாலை ஒதுக்கினேன். அங்கேதான் தோற்றேன்.

தேர்வின் அமைப்பு, கேஸ் ஸ்டடி, திரும்பிப் போக முடியாத ஆம்/இல்லை கேள்விகள் எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், விட்டுவிடுகிறேன். வந்த கேள்விகளையும் சொல்ல மாட்டேன், வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம். கீழே இருப்பவை நானாக எழுதிப் பழகியவை.

ஸ்டோரேஜ் ரெடண்டன்ஸி என்றால் தரவைப் பல பிரதிகளாக வைப்பது. அதன் வகைகளை முதல் தடவை படித்தது இப்படி. எல்ஆர்எஸ் மூன்று பிரதி, ஒரே டேட்டா சென்டர். இசட்ஆர்எஸ் மூன்று பிரதி, மூன்று ஸோன் (ஒரே ரீஜனுக்குள் தனித்தனியாக இயங்கும் டேட்டா சென்டர்கள்). ஜிஆர்எஸ் ஆறு பிரதி, இரண்டு ரீஜன் (அஸூரின் டேட்டா சென்டர்கள் இருக்கும் நிலப்பகுதிகள்). ஜிஇசட்ஆர்எஸ் ஆறு பிரதி, முதல் ரீஜனில் மூன்று ஸோன்களிலும் அடுத்த ரீஜனில் ஒரே இடத்திலும். பதினொரு ஒன்பது, பன்னிரண்டு ஒன்பது, பதினாறு ஒன்பது என்று நீடிப்பு எண்கள் வேறு (தரவு தொலையாத வாய்ப்பை 99.99... என்று எழுதும்போது வரும் ஒன்பதுகளின் எண்ணிக்கை). ஒன்றுகூடப் பிசகாமல் ஒப்பித்திருப்பேன். ஆனால் எத்தனை பிரதி என்பதையா கேட்கப்போகிறார்கள்? ஒரு நிறுவனத்தை விவரித்து, நாலு தேவைகளை அடுக்கி, கடைசியில் செலவு முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி போட்டால், ஒப்பித்த எண்கள் எதுவும் உதவாது.

இரண்டாம் தடவை ஒரே ஒரு பழக்கத்தை மாற்றினேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: கேள்வியில் வரும் வினைச்சொல்லைப் பிடியுங்கள். ஒவ்வொரு தேவையையும் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் படிக்கும்போது ரீஜன், அவுட்டேஜ் என்ற சொற்களைக் கண்டதுமே கண் விடைகளுக்குத் தாவிவிடுகிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, அதைச் சொல்லாமல் வாக்கியம் முடியாது. சொல்லிப் பாருங்கள்:

டேட்டா சென்டர் ஒன்று விழுந்தாலும் எழுத முடிய வேண்டும். இசட்ஆர்எஸ்.
ரீஜனே விழுந்தாலும் தரவு தொலையாமல் இருக்க வேண்டும். ஜிஆர்எஸ்.
ரீஜன் விழுந்து கிடக்கும் நேரத்திலும் படிக்க முடிய வேண்டும். ஆர்ஏ-ஜிஆர்எஸ் (படிக்கும் அனுமதி சேர்ந்த ஜிஆர்எஸ்).
ஸோன் விழுந்தால் எழுதவும் வேண்டும், ரீஜன் விழுந்தால் படிக்கவாவது வேண்டும். ஆர்ஏ-ஜிஇசட்ஆர்எஸ்.

இருக்க, படிக்க, எழுத. இந்த மூன்று சொல்லுக்கு இடையில்தான் விடையும் இருக்கிறது, செலவும் இருக்கிறது. முதல் தடவை 'தொலையாமல் இருக்க' என்று கேட்ட இடத்தில் 'படிக்க' என்று நினைத்து விலை கூடிய விடையைத் தேர்ந்தெடுத்திருப்பேன் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

ஜிஆர்எஸ்ஸில் இரண்டாவது ரீஜனில் பிரதி இருக்கும், ஆனால் ஃபெயில்ஓவர் (இரண்டாவது ரீஜனுக்கு மாறுவது) நடக்கும்வரை உங்களால் அதைத் தொட முடியாது. ஆர்ஏ சேர்ந்தால் எப்போதும் படிக்கலாம், அதற்குத் தனி முகவரி, ஸ்டோரேஜ் கணக்கின் பெயருக்குப் பின்னால் செகண்டரி என்ற ஒட்டு. அந்த முகவரிக்குப் போகும்படி அப்ளிகேஷனை நீங்கள்தான் எழுதியிருக்க வேண்டும், தானாகப் போகாது. எழுதுவது அங்கே எப்போதுமே முடியாது. ஆர்ஏ இருந்தால் ரீஜன் விழும்போது எல்லாம் தானாக மாறிக்கொள்ளும் என்று நான் எப்படி நம்பினேன் என்று தெரியவில்லை, ஆனால் மாதக்கணக்கில் நம்பினேன்.

அப்புறம் ஃபெயில்ஓவர். இதற்கு நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கொடுத்தேன், சோதனைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி உண்மையாகவே செய்து பார்த்தேன். ரீஜன் விழுந்தபிறகு நாமே தொடங்கும் ஃபெயில்ஓவரில் இரண்டாவது ரீஜன் முதன்மையாகிறது, டிஎன்எஸ் (பெயர் எந்த இடத்தைக் குறிக்கிறது என்ற பதிவு) மாறுவதால் பழைய முகவரியே புது இடத்துக்குப் போகிறது. ஆனால் கணக்கு அந்த நொடியிலிருந்து வெறும் எல்ஆர்எஸ். ஜிஇசட்ஆர்எஸ்ஸாக இருந்தாலும் அப்படித்தான். ஜியோ பாதுகாப்பு (வேறு ரீஜனிலும் பிரதி) வேண்டுமென்றால் மறுபடி நாமே போட வேண்டும், எல்லாப் பிரதியும் மறுபடி போய்ச் சேர வேண்டும், அதற்குக் கட்டணமும் உண்டு. போர்ட்டலில் அந்தப் பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்தபிறகு அது எனக்கு மறக்கவே இல்லை. ரீஜன்கள் இரண்டும் நன்றாக இருக்கும்போது ஒத்திகைக்காகச் செய்யும் திட்டமிட்ட ஃபெயில்ஓவர் வேறு: அதில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும், ஜியோ பாதுகாப்பு அப்படியே இருக்கும், தரவும் தொலையாது. இந்த இரண்டையும் குழப்பாதீர்கள்.

எவ்வளவு தரவு தொலையலாம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ரீஜனுக்கு ரீஜன் போகும் பிரதி ஒத்திசைவாகப் போவதில்லை, பின்னால்தான் போகிறது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்துக்குள் போய்விடும், ஆனால் சாதாரண ஜிஆர்எஸ்ஸில் அதற்கு உத்தரவாதம் கிடையாது. லாஸ்ட் சிங்க் டைம் என்ற மதிப்பைப் பாருங்கள்: அந்த நேரத்துக்கு முன் எழுதியது அங்கே இருக்கும், பின் எழுதியது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு எழுத்துகூடத் தொலையக் கூடாது என்ற தேவைக்கு எந்த ஜியோ தேர்வும் விடை ஆகாது.

2018 செப்டம்பர் 4 அன்று மின்னல் தாக்கி அஸூரின் சவுத் சென்ட்ரல் யுஎஸ் ரீஜனில் ஒரு டேட்டா சென்டரின் குளிரூட்டல் நின்றது, வெப்பம் ஏறி ஸ்டோரேஜ் சர்வர்களில் சில சேதமாயின. ஜியோ பிரதி வேறு ரீஜனில் இருந்தது. ஆனாலும் அங்கே மாற்றினால் கடைசியில் எழுதியவை கொஞ்சம் தொலையும் என்பதால், சேவை நின்றாலும் பரவாயில்லை, இருக்கும் தரவை மீட்போம் என்று மைக்ரோசாஃப்டில் முடிவெடுத்தார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்த அன்றுதான் பதினைந்து நிமிடம் என்ற எண்ணின் கனம் எனக்கு உறைத்தது. நேரம் இருந்தால் அந்த நிகழ்வைத் தேடிப் படியுங்கள், இரண்டு பயிற்சித் தேர்வு எழுதுவதைவிட அதில் பயன் அதிகம்.

விதிவிலக்குகளைத் தாளில் எழுதி ஒட்டி வைத்திருந்தேன், அப்படியே தருகிறேன்:

- ஆர்கைவ் டயர் (அரிதாகத் தொடும் தரவுக்கான மலிவான அடுக்கு): எல்ஆர்எஸ், ஜிஆர்எஸ், ஆர்ஏ-ஜிஆர்எஸ் மட்டும். இசட் வரும் எதுவும் இல்லை.
- பிரீமியம் பிளாக் பிளாப் (கோப்புகளுக்கான வேகமான சேமிப்பு): எல்ஆர்எஸ், இசட்ஆர்எஸ். ஜியோ இல்லை.
- மேனேஜ்டு டிஸ்க் (விர்ச்சுவல் மெஷினின் வட்டு): அதே இரண்டுதான்.
- அஸூர் ஃபைல்ஸ் (பகிர்ந்து பயன்படுத்தும் கோப்புறை): இரண்டாவது ரீஜனிலிருந்து படிக்கும் வசதி இல்லை.
- இரண்டாவது ரீஜனை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, ஜோடி ஏற்கெனவே முடிவானது. ஜோடியே இல்லாத ரீஜன்களும் உண்டு.
- நான் சொல்லும் ரீஜனுக்குத்தான் போக வேண்டும் என்றால் ஆப்ஜெக்ட் ரெப்ளிகேஷன் (கோப்புகளை வேறு கணக்குக்குப் பிரதி எடுப்பது). இரண்டு கணக்கிலும் வெர்ஷனிங் (பழைய பதிப்புகளை வைத்திருப்பது), மூலக் கணக்கில் சேஞ்ச் ஃபீட் (மாற்றங்களின் பதிவு) வேண்டும்.

ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) பக்கமிருந்து வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எஸ்3 ஸ்டாண்டர்டு ஸ்டோரேஜ் குறைந்தது மூன்று ஸோன்களில் தானாகவே பரவியிருக்கும், அதனால் அஸூரிலும் அப்படித்தான் என்று கை பழகியிருக்கும். இங்கே எல்ஆர்எஸ் என்று தேர்ந்தெடுத்தால் ஸோன் பாதுகாப்பு கிடையாது.

ரெடண்டன்ஸி பேக்கப் ஆகாது என்று எல்லாப் பாடத்திலும் ஒரு வரி வரும், நீங்களும் தாண்டிப் போவீர்கள். முந்தைய வேலையில் நான் ஓட்டிய ஒரு ஸ்கிரிப்ட் தவறான கன்டெய்னரை (கோப்புகளை வைக்கும் தொகுதி) அழித்தது. கணக்கு ஜிஆர்எஸ். ஆறு பிரதி இருக்கிறதே என்று நிம்மதியாகத்தான் மேலாளரிடம் சொன்னேன். அழிப்பும் ஒரு மாற்றம்தான், அதுவும் அடுத்த ரீஜனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சாஃப்ட் டெலீட் (அழித்ததைக் குறிப்பிட்ட காலம் மீட்க விடும் வசதி) போட்டிருக்கவில்லை. அந்தத் தரவை வேறு மூலங்களிலிருந்து திரட்டிக் கட்ட மூன்று பேருக்குப் பதினோரு நாள் ஆனது, அதில் ஒருவர் விடுமுறையை விட்டுவிட்டு வந்தார். தவறுதலாக அழிப்பது என்ற சொல் கேள்வியில் வந்தால் எல்ஆர்எஸ், ஜிஆர்எஸ் என்ற குடும்பத்தையே விட்டு வெளியே வாருங்கள். சாஃப்ட் டெலீட், வெர்ஷனிங், பாயின்ட் இன் டைம் ரீஸ்டோர் (முந்தைய ஒரு நேரத்து நிலைக்குத் திருப்புவது) பக்கம் தேடுங்கள்.

கடைசி வாரம் செய்தவை:

- தினமும் பத்துத் தேவைகளை நானே எழுதி, மறுநாள் காலை விடை போட்டேன். எழுதும்போதே பாதி புரிந்துவிடுகிறது.
- பயிற்சித் தேர்வுகளை நிறுத்தினேன். எனக்கு அவை பதற்றம்தான் தருகின்றன. உங்களுக்கு ஒத்துவந்தால் எழுதுங்கள்.
- தேர்வின்போது மைக்ரோசாஃப்ட் லேர்ன் (அவர்களின் ஆவணத் தளம்) திறக்க விடுகிறார்கள், ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. இரண்டே முறை திறந்தேன், எந்த வகை எதற்குக் கிடைக்கும் என்ற அட்டவணையைச் சரிபார்க்க மட்டும்.
- முந்தின இரவு எதையும் தொடவில்லை.

தோற்றவர்கள் இதைப் படித்தால்: முதல் மறுமுயற்சிக்கு இருபத்துநாலு மணி நேரம் கழிந்தால் போதும் என்பது விதி, ஆனால் அப்படி ஓடாதீர்கள். அடுத்த நாளே பதிவு செய்யப்போன என்னை ஒரு நண்பர்தான் நிறுத்தினார். அந்தப் பட்டைப் படத்தில் எது குட்டையாக இருக்கிறதோ அதற்கு இரண்டு வாரமாவது கொடுங்கள்.

இன்று காலை அலுவலகத்தில் முதல் வேலையாக, பல வருடம் முன்பு யாரோ எல்ஆர்எஸ்ஸில் தொடங்கி, யாரும் தொட வேண்டாம் என்று விட்டுவைத்த கணக்கைத் திறந்தேன். அனுமதி போன வாரமே கிடைத்திருந்தது. ஆர்கைவில் ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் தேடினேன், இருந்தால் இசட்ஆர்எஸ்ஸுக்கு மாற்ற முடியாது. எதுவும் இல்லை. கோரிக்கையைப் போட்டுவிட்டேன். எப்போது முடியும் என்பதற்கு உறுதி தருவதில்லை, இதை எழுதும்வரை நிலை மாறவில்லை.