எல்லோருக்கும் 72

விலங்கியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் இளங்கலை மாணவர்களுக்கு 18 வருடமாக உயிர்ப்புள்ளியியல் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "கணக்கு வேண்டாம்னுதான் மேடம் பயாலஜி எடுத்தோம்." அந்தப் பயம் நிஜமானது. ஆரம்ப வருடங்களில் அதைப் போக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சூத்திரத்தை எழுதிப் போட்டு, ஒரே மாதிரி பத்து கணக்குகளைச் செய்ய வைப்பதுதான். மதிப்பெண் வந்தது. ஆனால் மூன்றாம் வருடம் புராஜெக்ட் செய்யும்போது, கையில் இருக்கும் எண்களை என்ன செய்வது என்று தெரியாமல் அதே பிள்ளைகள் வந்து நின்றார்கள்.

ஒரு வருடம், புத்தகத்தில் இருக்கும் எண்களை விட்டுவிட்டு, அவரவர் நாடித்துடிப்பை எண்ணி வரச் சொன்னேன். மறுநாள் தாள்களை வாங்கிப் பார்த்தால் பாதிக்கு மேல் 72. மிச்சம் 68, 76, 80. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, கரும்பலகையில் தன் எண்ணுக்கு நேராக ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். 72-க்கு மேல் புள்ளிகள் கோபுரமாக ஏறின. பக்கத்தில் மூன்று குட்டைத் தூண்கள். இடையில் வெறும் பலகை.

"நடுவுல ஆளே இல்லையே மேடம்" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"ஏன், இந்த வகுப்பில் யாருக்கும் 74 துடிக்காதா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "முழு நிமிஷம் எண்ணல மேடம். பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்கினோம்" என்றான். அதுதான் விஷயம். நாலால் பெருக்கினால் நாலின் மடங்கு மட்டும்தான் வரும். 73, 74, 75 வர வழியே கிடையாது. சிலர் எண்ணவே இல்லை, பாடத்தில் இருந்த 72-ஐ அப்படியே எழுதிவிட்டார்கள் என்பதும் தெரிந்தது.

சரி, இப்போதே எண்ணுவோம் என்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணவைத்தேன். நாற்பது பேர் மணிக்கட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருந்த அந்த அமைதி இன்னும் நினைவில் இருக்கிறது. இந்த முறை புள்ளிகள் பலகை முழுவதும் பரவின. ஒரு மாணவிக்கு 58. தினமும் காலையில் மைதானத்தில் ஓடுகிறவள் அவள். முதல் நாள் வீட்டிலும் 58 என்றுதான் எண்ணியிருக்கிறாள். "தப்பா எண்ணிட்டேன்னு நினைச்சு 72-னு மாத்திட்டேன் மேடம்" என்றாள். தொடர்ந்து ஓடிப் பழகியவர்களின் இதயம் ஓய்வில் மெதுவாகத் துடிக்கும். ஒரே துடிப்பில் கூடுதல் ரத்தத்தைத் தள்ளும் வலிமை அதற்கு வந்திருக்கும். அந்த வகுப்பில் கிடைத்த எண்களிலேயே சொல்வதற்கு அதிகம் இருந்தது அந்த 58-இல்தான். அதைத்தான் அவள் அழித்திருந்தாள்.

அன்று, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டோம். முதல் நாள் எண்களுக்குச் சின்னதாகவும் இரண்டாம் முறைக்குப் பெரிதாகவும் வந்தது. "டேட்டா மோசமாயிடுச்சு" என்றார்கள் சிலர். உயிர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை, அந்த வேறுபாட்டை அளக்கத்தான் இந்தப் பாடமே இருக்கிறது என்று அப்போது சொன்னேன். அதற்கு முன்பும் எத்தனையோ முறை சொன்ன வாக்கியம்தான். அன்றுதான் அது அவர்களுக்குப் புரிந்தது.

இன்னொரு கேள்வி வருடா வருடம் வரும்: திட்ட விலக்கத்துக்கு ஏன் மொத்த எண்ணிக்கையான n-ஆல் வகுக்காமல், ஒன்று குறைத்து n-1-ஆல் வகுக்கிறோம்? "சூத்திரம் அப்படித்தான்" என்று ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது பத்துப் பேரை முன்னால் நிறுத்துகிறேன். அந்தப் பத்துப் பேரின் சராசரியிலிருந்து தன் எண் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று ஒன்பது பேர் சொல்ல வேண்டும். பத்தாவது ஆள் வாயைத் திறக்கும் முன் அவருடைய விலக்கத்தை வகுப்பே சொல்லிவிடும். எல்லா விலக்கங்களையும் கூட்டினால் பூஜ்யம்தானே. புதிதாகச் செய்தி சொன்னவர்கள் ஒன்பது பேர்தான்.

அப்புறம் சென்னைக் கதைக்கு வருவேன். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளைச் சமவாய்ப்பு முறையில், அதாவது சீட்டுக் குலுக்குவது போல, இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியினருக்கு சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வு. மற்றவர்களுக்கு நெரிசலான வீட்டிலேயே அதே மாத்திரைகள். 1959-இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். சானடோரியம்தான் மேல் என்று எல்லோரும் உடனே கை தூக்குவார்கள். ஒவ்வொரு பகுதியிலும் சுமார் 80 பேர் என்று வைத்து நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதை, கணக்கிடச் சொல்வேன். சானடோரியம் 16 சதவீதப் புள்ளி வரை மேலாக இருக்கலாம், வீடு 4 சதவீதப் புள்ளி வரை மேலாகவும் இருக்கலாம் என்று வரும்.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?" என்று ஒருவன் கேட்டான். இல்லை. ஒன்று என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. வித்தியாசம் உண்டு என்று உறுதியாகச் சொல்லவும் போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர் எந்த ஆய்வுக் கட்டுரையையும் தைரியமாகப் படிக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதையும் அந்த மையம் தொடர்ந்து கவனித்துச் சொன்னது. இத்தனை நோயாளிகளுக்குப் படுக்கை போட அப்போது நாட்டில் இடமும் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் வீட்டிலேயே சிகிச்சை என்ற வழி உலகம் முழுவதும் பரவியது. சேத்துப்பட்டில் இன்றும் இயங்கும் அந்த நிறுவனத்தை பஸ்ஸில் கடந்து போகிற பிள்ளைகள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு பாடத்திட்ட மாற்றத்தில் செய்முறை நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, கூட்டத்தில் சொல்லவும் செய்தேன். என்ன குறைந்தாலும் நாடி எண்ணும் வகுப்பை மட்டும் விடவில்லை.

போன மாதம் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒருத்தியின் அட்டவணையில் 37 எண்கள் நேராக இருந்தன. மூன்றுக்கு மட்டும் பென்சிலால் வட்டம். கீழே பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "இந்த மூன்றும் 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கியவை. பெல் அடித்துவிட்டது."