ஏழுகிணறு வீடும் இராத்திரிக் கானாவும்

சென்ட்ரலில் இருந்து ஏழுகிணறு இரண்டரை கிலோமீட்டர்தான் இருக்கும். அதற்கு 250 ரூபாய் வாங்கினார் ஆட்டோக்காரர். தங்கசாலைத் தெருவில் மாட்டினால் ஒரு மணி நேரம் ஆகும் என்று பயமுறுத்தித்தான் அந்தத் தொகையைச் சொன்னார். கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது கேட்டால், 'ரிட்டர்ன் சும்மா வரணும்ல' என்கிறார். இரண்டு நாளைக்கு 1500 ரூபாய் என்று எண்ணிவைத்துக்கொண்டு சேலத்திலிருந்து வந்தவனுக்கு இது முதல் அடி. அடுத்து போகிறவர்கள் மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்துவிடுங்கள்.

வள்ளலார் வாழ்ந்த வீட்டைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். 'வட சென்னைக்கா, பார்த்துப் போ' என்று ஊரில் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கும் இராமலிங்க அடிகள் இளமை முழுவதும் வாழ்ந்தது இந்தச் சந்துகளில்தான் என்று தெரியவில்லை. கைக்குழந்தையாகச் சென்னைக்கு வந்தவர், 1858-ல் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை இங்கேதான் இருந்தார். ஏழுகிணறு என்ற பெயரே ஒரு கதை. கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக 1772-ல் கும்பெனிக்காரர்கள் வெட்டிய கிணறுகள் அவை.

வீராசாமி தெருவில் வீட்டைக் கண்டுபிடிக்க மூன்று பேரிடம் கேட்டேன். என் கண்ணில் வழிகாட்டும் பலகை ஒன்றும் படவில்லை, அதில் எனக்கு வருத்தம்தான். பெட்டிக்கடை அம்மா மட்டும், 'சாமி வூடா? அதோ அந்த நீல கேட்டு தாண்டிப் போப்பா' என்று கையைக் காட்டினார். கதவருகே நின்று கேட்டதும் உள்ளே விட்டார்கள். 'செருப்ப கீழயே விட்டுடுப்பா, மாடிக்குப் போ.' காசு கேட்கவில்லை.

அந்த மாடி அறை! நான் பார்த்த நினைவில்லங்களில் கண்ணாடிப் பெட்டியும் பேனாவும் மூக்குக்கண்ணாடியும் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. ஒரு சின்ன அறை, ஒரு விளக்கு. ஆனால் உட்கார்ந்தால் எழ மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் கந்தகோட்டம் முருகன் கோயிலில் பாடிக்கொண்டிருந்த தம்பிக்கு வீட்டில் சோறு போடாதே என்று அண்ணன் சபாபதி சொல்லிவிட, அண்ணி யாருக்கும் தெரியாமல் சோறு போட்டு வந்தார் என்பது வரலாறு. திவசத்தன்று வீட்டில் எல்லாரும் சாப்பிட, இந்தப் பிள்ளை மட்டும் இல்லையே என்று அண்ணி அழுதிருக்கிறார். 'தனியறை கொடுத்தால் வீட்டிலேயே படிக்கிறேன்' என்று சொல்லி இவர் வாங்கியது இந்த மாடியைத்தான். புத்தகத்துக்குப் பதில் சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி, எதிரே உட்கார்ந்தார். அதில் தணிகை முருகனைக் கண்டதாகப் பாடியிருக்கிறார். அப்போது வயது ஒன்பது என்கிறார்கள்.

இன்னொரு சம்பவமும் உண்டு. திருவொற்றியூருக்கு நடந்தே போய் வருபவர், ஓர் இரவு வர நேரமாகிவிட, கதவு சாத்தியிருந்ததால் திண்ணையிலேயே பசியோடு படுத்துவிட்டார். அண்ணி வடிவில் வடிவுடையம்மனே வந்து சோறிட்டாள் என்பார்கள். 1867-ல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியது இந்தத் திண்ணைப் பசிதான் என்று வாசலில் நின்றபோது எனக்குத் தோன்றியது. பசி தெரியாதவனுக்கு அந்த அடுப்பை மூட்டத் தோன்றாது.

கந்தகோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. தெய்வமணிமாலையின் 31 பாட்டிலும் 'தருமமிகு சென்னை' என்று ஊரின் பெயரை வைத்துப் பாடியிருக்கிறார். அந்த ஒரு சொல்லுக்காக ஆட்டோக்காரரை மன்னித்தேன்.

மதியச் சாப்பாட்டைச் சொல்லாமல் விட மாட்டேன். பீச் ஸ்டேஷன் அருகே இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ வண்டிகள். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. செம்மஞ்சள் நிற நூடுல்ஸ், கோஸ், பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், நொறுக்கிய பேஜோ என்கிற மொறுமொறு தட்டை, பூண்டெண்ணெய், புளித்தண்ணீர் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தட்டில் கொட்டுகிறார் அண்ணன். கூடவே வாழைத்தண்டு சூப், கேட்கக் கேட்க ஊற்றுகிறார். அந்த வீட்டிலிருந்து நேராக வந்திருந்ததால் முட்டை வேண்டாம் என்றேன். 'சரிணா' என்று பேஜோவை இன்னொரு பிடி போட்டார். 80 ரூபாய். சேலத்தில் 300 ரூபாய் கொடுத்தாலும் இந்த ருசி கிடைக்காது.

மண்ணடியிலிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு மெட்ரோ, முப்பது ரூபாய்க்குள் முடிந்தது. வள்ளலார் ஏழெட்டு கிலோமீட்டர் நடந்த தூரம். கோயிலும் கடலோரம் பட்டினத்தார் சமாதியும் பார்த்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும்.

இராத்திரி வண்ணாரப்பேட்டையில் நண்பன் வீட்டில் தங்கல், வாடகை மிச்சம். அவன் தெருமுனைச் சுவரில் முகமது அலியைக் கையால் வரைந்திருக்கிறார்கள், பக்கத்திலேயே அம்பேத்கர். அலி 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கையுறை மாட்டியவர். சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையை வம்சமாக வளர்த்த பகுதியில் அவர் சுவரில் இருப்பது நியாயம்தான். வரைந்தவர் பெயர் ஓரத்தில் இருந்தது, பாதி நோட்டீஸ் ஒட்டி மறைந்துவிட்டது. நோட்டீஸ் ஒட்டியவர் மேல் கோபமாக வந்தது.

'மச்சி, பின்னாடி தெருவுல பதினாறாம் நாள் காரியம், கானா போடுறாங்க, வா' என்றான் நண்பன். துஷ்டி வீட்டுக்கு எப்படிப் போவது என்று தயங்கினேன். 'யாரு வேணா வர்லாம்டா' என்று இழுத்துக்கொண்டு போனான். துணிப்பந்தல், மாலை போட்ட படம், டோலக், கீபோர்டு, ஒரு மைக். பாடியவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கையில் தாள் இல்லை. இறந்தவர் காசிமேட்டில் மீன் ஏலம் விட்டவராம். அவர் வஞ்சிரத்துக்கு விலை சொன்ன விதம், குடித்துவிட்டுப் பேத்தியைத் தோளில் தூக்கி ஆடியது, ஆஸ்பத்திரியில் கடைசியாக டீ கேட்டது என்று எல்லாம் பாட்டில் வந்தது. தெருவின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் அடுத்த அடியிலேயே அழுதார்கள்.

எனக்குத் தெய்வமணிமாலைதான் ஞாபகம் வந்தது. பாட்டுக்குப் பாட்டு ஊர் பெயர் அதிலும் வருகிறது, இதிலும் வருகிறது. இரண்டையும் ஒப்பிடாதே என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

மொத்தச் செலவு 1340 ரூபாய், பஸ் டிக்கெட் உட்பட. பாட்டு முடிய ஒரு மணி ஆனது. கிளம்பும்போது அந்த வீட்டுப் பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, 'சாப்ட்டுப் போ கண்ணு' என்று பந்திக்கு அனுப்பினார்.